எந்த நாட்டில் ஆட்டிசம் மிகுதி?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



புள்ளியியல் பாடம் தொடங்கிய அன்று எங்கள் கணித ஆசிரியையான அருட்சகோதரி கரும்பலகையில் ஓர் அட்டவணை எழுதினார். பத்தாயிரம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஆட்டிசம் உண்டு என்பது அதன் தலைப்பு. அமெரிக்கா 322, தென்கொரியா 264, இலங்கை 107, கொல்கத்தா 23, இமாசலப் பிரதேசம் 15. “எங்கே ஆட்டிசம் மிகுதி?” என்று கேட்டார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில், “அமெரிக்கா, சிஸ்டர்!” என்று கூவினோம். அவர் சிரித்துக்கொண்டே, “எண்களைச் சரியாகப் படித்தீர்கள். ஆனால் விடை தவறு. ஏன் தவறு என்று கண்டுபிடித்து வருகிறவர் அதை ஆண்டு மலரில் எழுதலாம்” என்றார்.

மற்றவர்களுக்கு அது ஒரு வீட்டுப்பாடம். எனக்கோ அது எங்கள் வீட்டுக் கதை. என் சித்தியின் மகனுக்கு எட்டு வயது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் எங்கள் வீட்டிற்கு அடுத்த வீடுதான் அவனுடையது. மூன்று வயது வரை அவன் “அம்மா” என்று கூப்பிட்டதில்லை. வலையில் கட்டும் தக்கைகளை எடுத்துப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக அடுக்குவான். ஒன்றை நாம் நகர்த்தினாலும் அலறுவான். படகு எஞ்சின் முடுக்கும் ஓசை கேட்டால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவான். பேச்சு வந்தபோதும் நம்மைப் போல் வரவில்லை. கரையில் மீன் ஏலம் போடுகிறவர் சொல்வதை அப்படியே, அதே குரல் ஏற்ற இறக்கத்துடன், “நூறு, நூத்தம்பது, நூத்தம்பது ஒரு தரம்” என்று சொல்வான். சாப்பிட வா என்று அழைத்தாலும் அதுதான் பதில்.

இவ்வாறு கேட்டதையே திரும்பச் சொல்வது, பொருள்களை ஒரே ஒழுங்கில் வைப்பது, பிறருடன் கண் பார்த்துப் பழகாமை ஆகியவற்றை 1943-ஆம் ஆண்டிலேயே லியோ கானர் என்னும் குழந்தை மனநல மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அவர் கண்ட பிள்ளைகள் 11 பேர். ஆண்கள் 8, பெண்கள் 3. அதைப் படித்தபோது, கடல் கடந்த ஊரில் அத்தனை ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பிள்ளைகளைப் பற்றியா, எங்கள் தம்பியைப் பற்றியா எழுதினார் என்று வியந்து போனேன்.

தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்றும், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்றும் பெயர்கள் வழங்குகின்றன. இரண்டாவது பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தம்பிக்குப் புற உலகம் சிந்தனையில் இல்லை என்று யார் சொன்னது? அது அவனுக்கு மிகுதியாகக் கேட்பதால்தானே காதைப் பொத்திக்கொள்கிறான்? ஆகவே இக்கட்டுரையில் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

அருட்சகோதரியின் கேள்வியோடு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். தாத்தா திண்ணையில் அமர்ந்து கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தார். அட்டவணையைப் படித்துக் காட்டினேன். அவர் தலை நிமிராமலே, “நேத்து நான் மடவை வலை போட்டேன், மடவை கிடைச்சுது. பக்கத்துல இறால் வலை போட்டவனுக்கு இறால் கிடைச்சுது. என் கூடையைப் பார்த்துட்டு ஏரியில இறாலே இல்லைன்னு எழுதுவியா?” என்றார்.

எங்கள் ஏரியை அறியாத தோழியருக்காகச் சிறிது விளக்குகிறேன். பழவேற்காடு ஏரி இந்திய நாட்டு உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருவதால் இறாலும் மீனும் வருகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதா குப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்னும் முறை தலைமுறை தலைமுறையாக உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வர். ஒரே இரவில் ஒரு பாட்டில் கூடை நிறையும், மற்றொரு பாட்டில் வெறுங்கையோடு திரும்புவர். வலையின் கண் பெரிதா சிறிதா, இடம் எது, மாதம் எது, எத்தனை பேர் எத்தனை நேரம் நின்றார்கள் என்பதைக் கேட்காமல் கூடையை மட்டும் பார்த்து ஏரியை அளக்க எங்கள் ஊரில் ஒருவரும் முன்வர மாட்டார். இவ்வளவையும் நாள்தோறும் பார்த்து வளர்ந்த எனக்குக் கரும்பலகை அட்டவணையைப் பார்த்ததும் இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

இனி அட்டவணைக்கு வருவோம். ஒரு வட்டாரத்துப் பிள்ளைகளிடையே ஆட்டிசத்தை முதன்முதலாக முறையாக எண்ணிப் பார்த்தவர் விக்டர் லாட்டர். இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் வட்டாரத்தில் 8 முதல் 10 வயது வரையுள்ள ஏறத்தாழ 78,000 பிள்ளைகளை ஆராய்ந்து, பத்தாயிரத்திற்கு 4.5 பேர் என்று 1966-இல் வெளியிட்டார். கானர் கூறிய அடையாளங்கள் மிக வெளிப்படையாகத் தெரிந்த பிள்ளைகளையே அவர் கணக்கில் சேர்த்தார். அது பெரிய கண் வலை. பின்னர் 1979-இல் லண்டனின் கேம்பர்வெல் பகுதியை ஆராய்ந்த லோர்னா விங், ஜூடித் கூல்டு என்னும் இரு பெண்மணிகள், கானரின் இலக்கணத்திற்குள் அடங்காவிட்டாலும் அதே வகைத் தொல்லைகளுடன் வாழும் பிள்ளைகள் இன்னும் பலர் உள்ளனர் என்று காட்டினர். லோர்னா விங்கின் மகளுக்கும் ஆட்டிசம் இருந்தது. வீட்டில் கண்டதால்தான் வெளியிலும் அவரால் காண முடிந்தது என்று நான் நினைக்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980-இல் ஆட்டிசம் தனி இடம் பெற்றது. 1994-இல் நன்றாகப் பேசக்கூடிய பிள்ளைகளையும் சேர்க்கும் வகையில் எல்லை விரிந்தது. 2013-இல் எல்லா வகைகளும் ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. எல்லை விரிய விரிய வலையின் கண் சிறுத்தது. கூடையில் எண்ணிக்கை பெருகியது.

அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 8 வயதுப் பிள்ளைகளை இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணி வருகிறது. 2000-இல் 150 பேரில் ஒருவர் என்று இருந்தது 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் 31 பேரில் ஒருவர் ஆயிற்று. இதைக் கேட்டால் எவரும் அஞ்சுவர். ஆனால் அதே 2022 அறிக்கையில் மற்றொரு செய்தியும் உள்ளது. எண்ணப்பட்ட 16 இடங்களுள் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 19 பேரில் ஒருவர். டெக்சாசின் லாரெடோவில் 103 பேரில் ஒருவர். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வயது; வேறுபாடோ ஐந்து மடங்கு! கலிபோர்னியாவில் சிறு வயதிலேயே ஆட்டிசத்தைக் கண்டறிய மருத்துவர்கள் பலருக்குப் பயிற்சி தரப்பட்டுள்ளது. தேடுகிறவர் மிகுந்த இடத்தில் கண்டெடுக்கப்படுவோரும் மிகுதி.

வேறொன்றும் நடந்தது. 1994-க்கும் 2003-க்கும் இடையே அமெரிக்கச் சிறப்புக் கல்விப் பதிவேடுகளில் ஆட்டிசம் என்று எழுதப்பட்ட பிள்ளைகள் பெருகியபோது, மனவளர்ச்சி குன்றியோர், கற்றல் குறைபாடுடையோர் என்று எழுதப்பட்டவர்கள் குறைந்தனர். பிள்ளைகளில் பலர் புதியவர் அல்லர். பதிவேட்டில் பக்கம் மாறியவர். டென்மார்க்கில் 1980 முதல் 1991 வரை பிறந்த பிள்ளைகளை ஆராய்ந்து, ஆட்டிசம் பெருகியதாகத் தோன்றியதில் ஏறத்தாழ 60 விழுக்காடு, நோயறியும் முறையும் பதிவு செய்யும் முறையும் மாறியதால் வந்ததே என்று 2015-இல் வெளியிட்டனர். மீதி 40 விழுக்காடு என்ன என்று நீங்கள் கேட்கலாம். பெற்றோரின் வயது உயர்ந்திருப்பது, குறை மாதத்தில் பிறந்த குழந்தைகள் இன்று பிழைத்து வளர்வது போன்றவற்றை ஆராய்ந்து வருகின்றனர்.

தென்கொரியக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே கோயாங் நகரின் இல்சான் பகுதியில், மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல், சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வினாத்தாள் அனுப்பினார்கள். 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் 2.64 விழுக்காட்டினருக்கு ஆட்டிசம் என்று 2011-இல் தெரியவந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எந்த உதவியும் பெறாமல் வகுப்பில் நம்மைப் போல் உட்கார்ந்திருந்தவர்கள்! வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்தால் அவனுடைய அக்காள் தங்கையின் திருமணம் தடைப்படும் என்று அங்கும் பெற்றோர் அஞ்சியதாக, அந்த ஆய்வில் பங்கேற்ற மானிடவியல் அறிஞர் ராய் ரிச்சர்டு கிரிங்கர் எழுதியிருக்கிறார். இதை ஆயாவிடம் சொன்னேன். “அங்கேயுமா?” என்றார்.

நம் நாட்டில் வலை எப்படி? 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைகளே இருந்தன; ஆட்டிசம் அவற்றுள் இல்லை. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதன் பெயரைச் சொன்னது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் 21 வகைகளுள் ஒன்றாக இடம் பெற்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2 கோடியே 68 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் எண்ணப்பட்டனர். ஆனால் அந்தப் படிவத்தில் ஆட்டிசம் என்று ஒரு கட்டம் இல்லை. கட்டமே இல்லாதபோது எண் எங்கிருந்து வரும்? பேச்சுக் குறைபாடு, மனவளர்ச்சிக் குறை, மற்றவை என்று எதில் வேண்டுமானாலும் அப்பிள்ளைகள் போய்ச் சேர்ந்திருப்பர்.

அருட்சகோதரி எழுதிய கொல்கத்தா எண்ணும் 2017-இல் வெளியானது. இமாசலப் பிரதேச எண்ணும் அவ்வாண்டினதே. கொல்கத்தாவில் பள்ளிக்கு வரும் பிள்ளைகளிடையே தேடினார்கள். எங்கள் தம்பியைப் போல் பள்ளி வாசலிலிருந்தே திரும்பி ஓடி வருகிறவன் அந்தக் கணக்கில் எப்படி அகப்படுவான்? அதற்கு அடுத்த ஆண்டு, 2018-இல், பல்வல், காங்ரா, தேன்கனல், ஐதராபாத், வட கோவா என்னும் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள 3,964 பிள்ளைகளை மருத்துவர் குழு ஆராய்ந்த கணக்கு வந்தது. அதில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு ஆட்டிசம் காணப்பட்டது. காங்ரா இமாசலப் பிரதேசத்தில் உள்ள மாவட்டந்தான் என்பதைக் கவனியுங்கள். இலங்கையில் 2009-இல் வந்த 93 பேரில் ஒருவர் என்னும் எண்ணும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. உலக முழுமைக்கும் 2021-இல் 127 பேரில் ஒருவர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது எண்ணிப் பார்த்த நாடுகளை வைத்து எண்ணாத நாடுகளுக்கும் சேர்த்துச் செய்த மதிப்பீடு. எண்ணாத நாடுகளே பல.

பெண்பிள்ளைகளாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆண்கள் நால்வருக்குப் பெண் ஒருத்தி என்று நெடுங்காலம் கூறி வந்தனர். அமெரிக்காவின் 2022 கணக்கில் அது 3.4-க்கு 1. பெண்பிள்ளைகள் மற்றவரைப் பார்த்து அதே போல் நடந்து தங்கள் தொல்லையை மறைத்துக்கொள்வதால் பலர் காலந்தாழ்ந்தே கண்டறியப்படுகிறார்கள் என்று இப்போது அறிஞர் கூறுகின்றனர். வகுப்பில் ஒருவரோடும் பேசாத பெண்ணை “அடக்கமான பிள்ளை” என்று நாமே பாராட்டிவிடுகிறோம் அல்லவா? யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை.

இவற்றையெல்லாம் நான் படித்துக்கொண்டிருந்த போதுதான் வீட்டில் ஒரு சிக்கல் எழுந்தது. சித்திக்கு இன்னொரு குழந்தை உண்டு. பத்து மாதப் பெண். ஒன்பது மாதம் முடிந்ததும் போட வேண்டிய தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியை அவளுக்குப் போடவில்லை. ஏன் சித்தி என்று கேட்டதற்குக் கைப்பேசியை எடுத்து வாட்ஸ்அப்பில் வந்த செய்தி ஒன்றைக் காட்டினார். “அமெரிக்காவில் ஊசி அதிகம், ஆகவே 31 பிள்ளைகளில் ஒன்றுக்கு ஆட்டிசம். நம் பாட்டன் காலத்தில் ஊசியும் இல்லை, ஆட்டிசமும் இல்லை” என்று அதில் இருந்தது. எங்கள் கரும்பலகையில் இருந்த அதே எண்! “பெரியவனுக்கும் ஊசி போட்டேன். அப்புறந்தான் இப்படி ஆனான். என் கையாலதான கூட்டிப் போனேன்” என்று சொல்லிச் சித்தி அழுதார். ஐந்து ஆண்டுகளாக அவர் மனத்தில் அந்தப் பாரம் இருந்ததை நாங்கள் ஒருவரும் அறியவில்லை.

நான் தரையில் அமர்ந்து என் குறிப்பேட்டைப் பிரித்தேன். பாட்டன் காலத்தில் ஆட்டிசம் இல்லையா என்று முதலில் ஆயாவைக் கேட்டேன். ஆயா சற்று யோசித்து, தம் சிறு வயதில் குப்பத்தில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். ஊமையன் என்று ஊரார் அழைத்த அவர் நாள் முழுவதும் கரையில் கிளிஞ்சல்களை வரிசையாக அடுக்குவாராம். பாட்டு மட்டும் பாடுவாராம். “அவருக்கு எந்த ஊசியும் போட்டதில்லை” என்று ஆயாவே முடித்தார்.

பிறகு ஊசிக் கதையைச் சொன்னேன். 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் மருத்துவர் இங்கிலாந்தில் வெறும் 12 பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த ஐயத்தைக் கிளப்பினார். ‘லான்செட்’ இதழ் அக்கட்டுரையை 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது; அவர் பெயரும் அந்நாட்டு மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஜப்பானில் அந்த முத்தடுப்பூசியை 1993-இல் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பின்னும் யோகோகாமா நகரில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட பிள்ளைகள் பெருகிக்கொண்டேதான் இருந்தனர். டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, ஊசி போட்டவர்க்கும் போடாதவர்க்கும் ஆட்டிசத்தில் வேறுபாடு இல்லை என்று 2019-இல் காட்டினர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது நாட்டோடு நாட்டை ஒப்பிட்டதன்று. ஒரே நாட்டில், ஒரே பதிவேட்டில், ஒரே கண்ணுள்ள வலையால் இரு கூட்டத்தாரையும் அளந்தது. தாத்தாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது.

தாயைக் குற்றம் சொல்வதும் புதிதன்று. தாயின் அன்புக் குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் பெரிய மருத்துவர்களே எழுதினர். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவர் 21 இரட்டையரை ஆராய்ந்தனர். ஒரே உருவ இரட்டையர் 11 இணைகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம்; வேற்றுருவ இரட்டையர் 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பிறப்பிலேயே வருவது இதில் பெரும்பங்கு என்று அன்றே தெரிந்தது. இதைக் கேட்டுச் சித்தி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தம்பி இத்தனை ஆண்டு எந்தக் கணக்கிலும் வராமல் போனது எப்படி என்று கேட்பீர்கள். ஆண்டிற்கு இருமுறை அங்கன்வாடிக்குப் பிள்ளைகளைப் பார்க்க மருத்துவக் குழு வரும். 2013-இல் தொடங்கிய திட்டம் அது. ஆனால் வண்டியின் ஓசை கேட்டதும் இவன் ஓடிப் படகுக்கு அடியில் ஒளிந்துகொள்வான். “ஆம்பளப் பிள்ளை தாமதமாத்தான் பேசும்” என்று நாங்களும் விட்டுவிட்டோம். குற்றம் எங்களுடையதே.

சென்ற மாதம் சித்தியும் நானும் அவனை அழைத்துக்கொண்டு பொன்னேரி, செங்குன்றம் வழியாகப் பேருந்து மாறி மாறித் திருவள்ளூரில் உள்ள மாவட்ட மையத்திற்குப் போனோம். காதில் பஞ்சு வைத்து, கையில் ஆறு தக்கைகள் கொடுத்து அழைத்துப் போனதால் வழியில் இரண்டு முறைதான் அழுதான். இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 2009-இல் நம் நாட்டிலேயே உருவாக்கியது. அதில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று கொள்வர். கண் பார்த்துப் பேசுகிறானா, தனியே இருக்க விரும்புகிறானா, கேட்டதையே திரும்பச் சொல்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு முன்பே அவன் மேசைமேல் தக்கைகளை அடுக்கி முடித்துவிட்டு, மருத்துவரைப் பார்த்து “முந்நூறு ஒரு தரம்” என்றான். அவர் சிரிக்காமல், “முந்நூறு இரண்டு தரம்” என்றார். தம்பி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அப்படி அவன் பார்த்து நான் கண்டது அதுவே முதல் தடவை.

பதிவேட்டில் அவன் பெயரை எழுதி எதிரே ஒரு வரிசை எண் இட்டார்கள். வாரம் ஒருமுறை பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். படகு வேலையை விட்டு யார் அழைத்துப் போவது என்பது இன்னும் முடிவாகவில்லை. பள்ளி விடுமுறை வரும் வாரங்களில் நான் போவதாகச் சொல்லியிருக்கிறேன். தங்கைக்குச் சென்ற புதன்கிழமை ஊசி போட்டாயிற்று. இரவு சிறிது காய்ச்சல் இருந்தது. காலையில் தெளிந்துவிட்டது.